கிணற்று மேட்டில் நீலத் தொப்பி

அனுமந்தன்பட்டியில் காங்கோ கண்ணன் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கருத்தக்கண்ணன் வீடு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதத்து ஒரு காலையில், இடது முழங்காலை லேசாக இழுத்துக்கொண்டு தேனி பஸ்ஸிலிருந்து இறங்கினான். கையில் ஒரு தகரப்பெட்டி. தலையில் ஒரு நீலத் தொப்பி. மேகமே இல்லாத வானத்தில் ஒரு துண்டு வெட்டித் தைத்தது போன்ற நீலம். பட்டாளத்துக்காரர்களை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. இந்த நிறத்தில் தொப்பி போட்டு வந்தவனை அன்றுதான் பார்த்தது.

டீக்கடையில் அவனை உட்கார வைத்தார்கள். முதல் கேள்வியைக் கேட்டவர் முகைதீன். உத்தமபாளையத்து வாழைத்தார் வியாபாரி, வாரத்தில் நான்கு நாள் இந்த ஊரில்தான் இருப்பார்.

"எத்தனை பேரச் சுட்டீக, தம்பி?"

"ஒருத்தரயும் சுடல, பாய்."

"பெறகு?"

"சுடுறவுகள எண்ணி நோட்டுல எழுதுனேன்."

கருத்தக்கண்ணன் அவமானப்படாமல் விளக்கினான். காங்கோ என்று ஆப்பிரிக்காவில் ஒரு தேசம். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போன இரண்டாம் வாரமே, அதில் கட்டாங்கா என்ற மாகாணம் நான் தனி என்று கிளம்பிவிட்டது. அந்த நாட்டுச் செம்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. கூலிக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேறு துணைக்கு. உலகத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து, சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில் நிற்க ஒரு பட்டாளத்தை அனுப்பின. அதில் இந்தியப் பட்டாளம் பெரியது. அதில் கருத்தக்கண்ணன் சிறியவன். ஒரு ரயில்வே கேட் பக்கத்தில் மூங்கில் பரண் கட்டி அவனை ஏற்றிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு தரப்பு, அந்தப் பக்கம் ஒரு தரப்பு. யார் முதலில் சுட்டார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று எழுதுவதுதான் வேலை.

"இதுக்கா ஒங்கள ஏரோப்பிளேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனாக?" என்றார் முகைதீன். "கால்ல குண்டு பட்டுச்சோ?"

"இல்ல பாய். எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு ஆடு போச்சு. எந்தத் தரப்பு ஆடுன்னு எட்டிப் பாத்தேன். பரண்ல இருந்து விழுந்துட்டேன்."

அந்த ஆட்டின் புண்ணியத்தில் மெடிக்கல் போர்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"செம்பு இருக்கவன் தனியாப் போறேம்பான், இல்லாதவன் ஒண்ணா இருப்போம்பான்," என்றார் முகைதீன். "இதப் பாக்க ஆப்பிரிக்கா போகணுமா? ஊருக்கு மேக்க அரை மைல் நடந்தாப் போதுமே."

கடையில் இருந்த எல்லோரும் ஒரு மூலையைப் பார்த்தார்கள். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பால்பாண்டி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஊருக்கு மேற்கே, பெரிய வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில், ராஜமணி, பால்பாண்டி என்ற அண்ணன் தம்பியின் தோட்டத்து வீடு இருந்தது. கருத்தக்கண்ணன் பட்டாளத்தோடு காங்கோ புறப்பட்ட வருஷம் அது ஒரே வீடு. திரும்பி வந்தபோது இரண்டு. நடுவில் மண்சுவர் எழுந்திருந்தது. நிலம் பாதி, மாடு பாதி, பித்தளை பாதி. உரல் அண்ணனுக்கும் உலக்கை தம்பிக்கும் போனதால் இரண்டு வீட்டிலும் இரண்டு வருஷமாக யாரும் எதையும் இடிக்கவில்லை. பிரிக்க முடியாமல் நின்றவை மூன்று: கிணறு, அதில் மாட்டியிருந்த மின்சார மோட்டார், பூமாரி.

பூமாரி அவர்களுடைய ஒரே தங்கச்சி மகள். தாயும் தகப்பனும் அவளுக்கு மூன்று வயசு ஆகுமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு தாய்மாமன்களின் தோளில் மாறி மாறி உட்கார்ந்து வளர்ந்தவள். பாகப்பிரிவினையில் அவள் யாருக்கு என்று பெரியவர்கள் ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். முடிவில், வளர்பிறை முழுக்கப் பெரிய மாமன் வீட்டில், தேய்பிறை முழுக்கச் சின்ன மாமன் வீட்டில் என்று தீர்ப்பாயிற்று. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள் அந்தப் பெண் தன் துணிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஒரு வாசலில் இறங்கி, பதினோரு அடி நடந்து, அடுத்த வாசலில் ஏறுவாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரித்ததாக யாரும் பார்க்கவில்லை.

இந்தப் பூமாரியைத்தான் கருத்தக்கண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்தது. இரண்டு மாமன்களும் ஒரே தாம்பாளத்தைப் பிடித்து வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். காங்கோவில் பரண்மேல் உட்கார்ந்த இரண்டு வருஷமும் அவன் அந்தத் தாம்பாளத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வந்த மூன்றாம் நாள் கல்யாணப் பேச்சை எடுத்தான். பெரியவர் ராஜமணி அன்போடு தோளைத் தொட்டார்.

"ஒனக்கில்லாத பொண்ணா, மாப்ள? நாளைக்கே வையி. ஆனா அவன் கால் வைக்கிற பந்தல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

சின்னவர் பால்பாண்டியும் அதே தோளைத் தொட்டார்.

"தாராளமாக் கட்டிக்க. தாய்மாமன் சீரு பூராவும் நாஞ் செய்றேன். அந்தாளு வந்தா நான் போயிருவேன்."

கருத்தக்கண்ணன் பூமாரியைக் கேட்டான். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். பெட்டியோடு பதினோரு அடிக்கு நடுவில் நின்றுதான் அவளால் பேச முடிந்தது.

"எனக்கு அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. தாய்மாமன் ரெண்டு பேரு இருக்காக. ஒருத்தர் மட்டும் வந்து நின்னா நான் பாதி அனாதைன்னு ஊரே பாக்கும்," என்றாள். "ரெண்டு பேரும் மணவறையில நிக்கட்டும். அன்னைக்குக் கழுத்த நீட்டுறேன். இல்லன்னா இந்தப் பொட்டியத் தூக்கியே கெழவியாகிப் போறேன்."

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் சின்ன மாமன் மனைவி மலையம்மாள் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அதை விழவிடாமல் பெட்டியைத் தூக்கி நடந்தாள்.

சண்டையின் வேர் மோட்டாரில் இருந்தது. மும்முனை மின்சாரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வரும். மூன்று மணி அண்ணனுக்கு, மூன்று மணி தம்பிக்கு. அண்ணன் தன் கல்யாணக் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவார். தம்பி கம்பம் பஸ்ஸின் ஹாரனைக் கேட்டுத் தொடங்குவார். கடிகாரமும் பஸ்ஸும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கடைசியில் ஆளுக்கொரு பீஸ் கட்டை வாங்கிக்கொண்டார்கள். தன் முறை முடிந்ததும் மோட்டார் பெட்டியிலிருந்து பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவது. ஒரு நாள் அண்ணன் பிடுங்கும்போதே தம்பி தன் கட்டையைச் செருகப் போக, இருவருக்கும் சேர்ந்து ஷாக் அடித்தது. இரண்டு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். வாழை காய்ந்தது. முகைதீன் இரண்டு தோட்டத்திலிருந்தும் பூனைக்குட்டி மாதிரித் தார்களை வெட்டிக்கொண்டு போனார்.

கருத்தக்கண்ணன் தகரப்பெட்டியைத் திறந்தான். நீலத் தொப்பியைத் தட்டி வைத்துக்கொண்டான். விசிலை எடுத்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். தனக்குத் தெரிந்த வேலை உலகத்தில் இது ஒன்றுதான், இதைச் செய்தே அவளைக் கைப்பிடிப்பது என்று முடிவு செய்தான்.

வைகாசி முதல் தேதி கிணற்று மேட்டில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஆயிற்று. முகைதீன் சாட்சி. வீட்டு நடுச்சுவரின் முனையிலிருந்து கிணற்று மேடு வரை சுண்ணாம்புக் கோடு. கிழக்கே பால்பாண்டி தரப்பு, மேற்கே ராஜமணி தரப்பு. பீஸ் கட்டைகள் இரண்டும் கண்காணிப்பாளர் பையில். அவன் கைக்கடிகாரம்தான் நேரம். அவன் விசில் ஊதினால் மோட்டார் கைமாறும். கோட்டுக்கு மேல் வசவு, காறித் துப்பல், முந்தானையை உதறல் எதுவும் கூடாது. தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அன்றைய குறிப்பு வாசிக்கப்படும். இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

"இதெல்லாம் காங்கோவுல செஞ்சதா?" என்று சந்தேகமாகக் கேட்டார் ராஜமணி.

"அப்படியே, மாமா. அங்கன பீரங்கி இருந்துச்சு. இங்கன மோட்டார் இருக்கு."

"எங்க மேஜர் பாலக்காட்டுக்காரு," என்று அவன் தொடர்ந்தான். "மொத நாளே சொன்னாரு. எந்தத் தரப்பு வீட்டுலயும் கை நனைக்கக் கூடாது. நடுவுல நிக்கிறவன் வயிறும் நடுவுல நிக்கணும்னாரு."

இந்த இடத்தில்தான் முதல் விபத்து நடந்தது. அன்று மதியம் ராஜமணியின் மனைவி அன்னத்தாய் இலை போட்டுக் கூப்பிட்டாள். கருத்தக்கண்ணன் சல்யூட் அடித்து மறுத்தான். மலையம்மாள் கூப்பிட்டாள். அங்கும் சல்யூட். கால் மணி நேரத்தில் அன்னத்தாய் கோட்டின் மேற்கிலும் மலையம்மாள் கிழக்கிலும் வந்து நின்றார்கள்.

"ஏம்ப்பா, எங்க வீட்டுச் சோத்துல என்ன வெசமா வச்சிருக்கு?" என்றாள் அன்னத்தாய்.

"நாங்க ஆக்குறது மனுசன் திங்கிறது இல்லையாக்கும்," என்றாள் மலையம்மாள். "நிச்சயம் பண்ண வீட்டுல கை நனைக்க மாட்டேன்னா, நிச்சயத்த முறிக்க வந்திருக்கீகளோ?"

பீரங்கிக்கு அசையாதவன் இதற்கு அசைந்தான். இந்தப் பக்கத்தில், ஒரு வீட்டில் சாப்பிட மறுப்பது அந்த வீட்டு வாசலில் செருப்பை எறிவதற்குச் சமம் என்பது இரண்டு வருஷத்தில் அவனுக்கு மறந்திருந்தது. பாலக்காட்டு மேஜரின் விதியை அவன் அனுமந்தன்பட்டிக்குத் திருத்தினான். இரண்டு வீட்டிலும் சாப்பிடுவது, சரிசமமாக.

அன்னத்தாய் நான்கு இட்லி வைத்தால் மலையம்மாள் வீட்டிலும் நான்கு. மலையம்மாள் வேண்டுமென்றே ஐந்தாவதை வைத்தாள். அவன் திரும்பி நடந்து மேற்கே போய் ஒன்று வாங்கித் தின்றுவிட்டு வந்தான். அதைப் பார்த்த அன்னத்தாய் மறுநாள் ஆறு வைத்தாள். ஒரு நாளைக்கு ஆறு வேளை. ஆனி பிறந்தபோது பட்டாளத்துச் சட்டையின் நடுப் பொத்தான் சேரவில்லை. ஆடி பிறந்தபோது அதற்கு மேல் பொத்தானும் கைவிட்டது.

ஆனால் போர்நிறுத்தம் நின்றது. அதற்குக் காரணம் நோட்டு. அதில் அவன் எழுதியது இப்படி இருக்கும்.

"காலை 6.40. மேற்குத் தரப்பு வெற்றிலைச் சாறு கோட்டின் மேல் விழுந்தது. காற்று மேற்கிலிருந்து. வேண்டுமென்றே அல்ல."

"காலை 8.15. கிழக்குத் தரப்புச் சேவல் எல்லை தாண்டி மேற்குத் தரப்புக் கோழிகளோடு இருந்தது. பதினைந்து நிமிஷம். யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை."

"பகல் 12.05. மலையம்மாள் தன் எருமையைத் திட்டினார். எருமைக்கு அன்னத்தாய் என்று பெயர் இல்லை என்பது சரிபார்க்கப்பட்டது. ஆனாலும் குரல் கூடுதல்."

சாயங்காலம் ஐந்தரைக்கு ராஜமணி தன் பக்கத்தில் ஒரு கல்லிலும் பால்பாண்டி தன் பக்கத்தில் கவிழ்த்த வாளியிலும் உட்கார்வார்கள். ஊரிலிருந்தும் பத்துப் பேர் வருவார்கள். கருத்தக்கண்ணன் தொப்பியைச் சரிசெய்து பட்டாளத்துக் குரலில் வாசிப்பான். எதிர்த்தரப்பின் குற்றம் வரும்போது ஒருவர் மீசையைத் தடவுவார். தன் குற்றம் வரும்போது "காத்த விட்டுட்டியே, காத்தச் சேத்து எழுது" என்று திருத்தம் கேட்பார். இருவரும் குளித்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். பால்பாண்டி பவுடர்கூடப் போட்டார். மோட்டார் ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. வாழை குலை தள்ளியது. முகைதீன் முதல் தடவையாக முழு லோடு ஏற்றினார்.

"தம்பி, ஒங்கள அந்தக் காங்கோக்காரன் விட்டது தப்பு," என்றார்.

ஆடி முடியப் போகிறது. ஆவணியில் முகூர்த்தம். கருத்தக்கண்ணன் மார்பு விம்ம, இருந்த ஒரே பொத்தானும் விம்ம, ராஜமணியிடம் போய்த் தேதி கேட்டான்.

"என்ன மாப்ள அவசரம்?" என்றார் அவர். "இப்பத்தான் எல்லாம் நல்லாப் போகுது. நேத்து அவன் சாம்பலக் கொட்டுனத நீ எழுதுன பாரு, அடடா. ஒரு வருசம் இப்படியே ஓடட்டும்."

"ரெண்டு மாமாவும் மணவறையில நிக்கணும்னு பூமாரி..."

"அவங்கூடயா? கோடு இல்லாத எடத்துல அவம் பக்கத்துல நான் எப்படி நிக்கிறது?"

பால்பாண்டியின் பதிலும் அதேதான். கூடுதலாக ஒன்று சொன்னார். "மணவறையில நீ தொப்பி போட்டு நடுவுல ஒக்காந்துருவ. அப்ப யாரு எழுதுறது?"

அவன் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தான். தேய்பிறை. பூமாரி கிழக்கு வீட்டில் இருந்தாள். கண்காணிப்பாளர் எந்தத் தரப்புப் பெண்ணோடும் தனியாகப் பேசக் கூடாது என்பது அவனே போட்ட விதி. மூன்று மாதமாக அவன் தன் நிச்சயப் பெண்ணை ஒரு கடிகாரத்தைப் பார்ப்பது போல நேரம் குறித்துப் பார்த்ததோடு சரி. அன்று அவள் தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, கிணற்றைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க சண்டைய நிறுத்தல. கெடாம ஊறுகா போட்டு வச்சிருக்கீக."

அவன் நோட்டை மூடினான்.

"முன்னயாச்சும் அடிச்சிக்கிட்டாக. என்னைக்காச்சும் அலுத்துப் போயிருக்கும். இப்ப பவுடர் போட்டு ஒக்காந்து ரசிக்கிறாக. எனக்குப் பொட்டி தூக்கியே தோளு ஒரு பக்கம் எறங்கிப் போச்சு."

அந்தச் சொல் அவன் நெஞ்சில் இறங்கிய வேகத்தைச் சொல்லி முடியாது. காங்கோவில் பரண்மேலிருந்து விழுந்தபோதுகூட அவனுக்கு இப்படி வலித்ததில்லை.

"ஒண்ணு கேக்கேன்," என்றாள் அவள், குடத்தை இறக்காமல். "அங்கன ரெண்டு தரப்பும் என்னைக்காச்சும் ஒண்ணாச் சேந்தாகளா?"

அவன் யோசித்தான். "ஒரே ஒரு நாளு. எங்க லாரி ஒரு தரப்புப் பக்கம் ரொட்டி எறக்கிருச்சு. மத்தவுகளுக்கு எறக்க மறந்துருச்சு. ரெண்டு தரப்பும் சேந்து எங்களத்தான் கல்லால அடிச்சாக."

பூமாரி குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. அது சிரிப்பா என்று நோட்டில் எழுத அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மாலை நான்கு இருபது. ராஜமணி வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பால்பாண்டி பவுடர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். கிழக்கு வீட்டுப் பின்கட்டிலிருந்து, கருப்பட்டிப் பணியாரத்தின் வாசனை எல்லைக் கோட்டை மதிக்காமல் வந்தது. வேப்ப மரத்தடியில் பூமாரி ஒரு தட்டோடு நின்றாள்.

"இங்கன வாங்க," என்றாள்.

"கோடு இருக்கு, பூமாரி."

"கோடு நீங்க போட்டதுதான."

அவன் கால் நகர்ந்தது. வலது கால் விதியை மீறியது. இழுக்கிற இடது கால் சுண்ணாம்பை அழித்துக்கொண்டே பின்தொடர்ந்தது. அவள் தட்டை நீட்டவில்லை. ஒரு பணியாரத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஏழு நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்கே உரியது.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் செய்த காரியம் அவனுக்கு உறைத்தது. நோட்டு மடியில் திறந்து கிடந்தது. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எழுதினால் மேற்குத் தரப்பு அன்றே ஒப்பந்தத்தைக் கிழிக்கும். கிழக்குத் தரப்பு, தன் வீட்டுப் பெண்ணைப் பின்கட்டில் பார்த்தவனுக்கு இனி அந்தப் பெண்ணைக் கொடுக்காது. மூன்று மாதப் பாடும் அவளும் ஒரே வரியில் போய்விடும். பேனாவைத் திறந்தான், மூடினான். சேவல் மேற்கே போனதற்குக்கூட நேரம் குறித்த கை அது. கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு எழுதினான்.

ஐந்தரைக்குக் கூட்டம் கூடியது. அன்று முகைதீனும் வந்திருந்தார். கருத்தக்கண்ணன் எழுந்து நின்றான். காலைக் குறிப்புகளை வாசித்தான். பிறகு பக்கத்தைத் திருப்பினான்.

"மாலை 4.20. கண்காணிப்பாளர் கிழக்கே கோட்டைத் தாண்டினார். எல்லைக்குள் ஆறு அடி. பூமாரி கையால் ஒரு பணியாரம் சாப்பிட்டார். மேற்குத் தரப்பில் சமன் செய்யவில்லை. பேசிய நேரம் ஏழு நிமிஷம்."

நிறுத்தி, கடைசி வரியைத் தலை குனிந்தபடி வாசித்தான்.

"தொடங்கியவர், கண்காணிப்பாளர்."

கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பூமாரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் உண்மையை எழுதுவான் என்று அவளுக்குத் தெரியும். அதை நம்பித்தான் அடுப்பு மூட்டினாள். கூப்பிட்ட தன்னைக் காப்பாற்ற அந்த நோட்டில் ஒரே ஒரு பொய் எழுதுவான் என்பது அவள் கணக்கில் இல்லை.

ராஜமணி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"பணியாரம். அவன் வீட்டுப் பணியாரம். எங்க வீட்டுல ஒரு பருக்க கூடுனா ஓடிப்போய்ச் சமன் பண்ணுவ. இதுக்கு மட்டும் சமன் கெடையாது."

பால்பாண்டியும் எழுந்தார். "நீரு என்னத்துக்குக் குதிக்கீரு? எங்க வீட்டுப் பின்கட்டுல, எம் மருமககிட்ட, ஏழு நிமிசம். என் மானம்ல போச்சு."

"ஒனக்கு மட்டுந்தான் மருமகளா?"

"ஒமக்கும்தான்யா. நான் இல்லைன்னேனா? நம்ம ரெண்டு பேரு தங்கச்சி மக. இவன் என்னடான்னா கோட்டப் போட்டு நம்மள ரெண்டு பக்கமும் ஒக்கார வச்சுட்டு நடுவுல பணியாரம் திங்கான்." அவர் மூச்சு வாங்கினார். கோபத்தில் கண் தெரியவில்லை. நாக்குத் தன் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. "அண்ணே, இவன என்ன செய்யலாம், சொல்லுங்க."

கிணற்று மேட்டில் சகலமும் நின்றது. அந்த 'அண்ணே' இரண்டு வருஷம் மூன்று மாதமாக எங்கோ அடைபட்டுக் கிடந்தது. சொன்னவருக்கே அது காதில் விழுந்தபோது முகம் வெளிறியது. ராஜமணியின் கையில் இருந்த மண்வெட்டிக் காம்பு மெல்லத் தாழ்ந்தது. அவர் உதடு இரண்டு தடவை துடித்துவிட்டு மூன்றாம் தடவை பேசியது.

"வா, தம்பி. ரெண்டு பேருமாக் கேப்போம்."

கோட்டை மிதித்துக்கொண்டு இருவரும் ஒரே பக்கத்தில், கருத்தக்கண்ணனுக்கு எதிரே வந்து நின்றார்கள். சுண்ணாம்பு நான்கு குதிகாலில் ஒட்டிக்கொண்டது. அன்னத்தாயும் மலையம்மாளும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்க புள்ளகிட்ட ஏழு நிமிசம் பேசுனத ஊர் கேக்க வாசிச்சிட்ட," என்றார் ராஜமணி. "இனி அவள வேற எவன் கட்டுவான்?"

"ஆவணிக்குள்ள நீ தாலி கட்டணும்," என்றார் பால்பாண்டி. "எங்க ரெண்டு பேரு முன்னாலயும். மாட்டேன்னா மோட்டாரோட சேத்து ஒன்னயும் இந்தக் கிணத்துல எறக்கிருவோம்."

கருத்தக்கண்ணனுக்கு உயிர் போய்த் திரும்பியது. "சரி மாமா," என்றான். யாரைச் சொன்னான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"வாயால சொன்னா ஆகாது," என்றார் ராஜமணி. "நோட்டுல எழுது."

அவன் எழுதினான். இருவரும் ஒரே வரியில் கையெழுத்துப் போட்டார்கள். பேனாவை அண்ணன் தம்பியிடம் கொடுத்தார். தம்பி மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட முகைதீன், கதவோரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பூமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தா, பணியாரம் மிச்சம் இருக்கா?" என்றார். "ஒலகச் சமாதானம் எப்படி இருக்குன்னு நானும் ருசி பாக்கணும்."

ஆவணி பத்தாம் தேதி அந்தத் தோட்டத்து வீட்டு முற்றத்தில் ஒரே பந்தல் போட்டார்கள். கம்பு நட இடம் போதவில்லை என்று நடுச்சுவரில் நான்கு அடி இடித்தார்கள். அதற்கப்புறம் யாரும் அதைக் கட்டவில்லை. உரலும் உலக்கையும் மஞ்சள் இடிக்க ஒன்று சேர்ந்தன. மணவறையில் யார் வலது பக்கம் நிற்பது என்று மாமன்களுக்குள் தகராறு வந்தது உண்மைதான். மாப்பிள்ளை மாலையோடு எழுந்து விசில் ஊத, தாலிக்கு முன் வலது பக்கம் அண்ணன், தாலிக்குப் பின் தம்பி என்று கைமாறியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூமாரி கடைசித் தடவையாக நடந்தபோது, இந்தப் பக்கம் ஒரு மாமனும் அந்தப் பக்கம் ஒரு மாமனும் அதன் கைப்பிடியைப் பிடித்திருந்தார்கள். அவள் தோள் நிமிர்ந்திருந்தது.

கருத்தக்கண்ணன் அதற்குப் பிறகு வாழை வியாபாரத்தில் முகைதீனோடு சேர்ந்தான். அந்த வயிறு மட்டும் கடைசிவரை இறங்கவில்லை. நீலத் தொப்பி மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் ஒரு ஆணியில் பல வருஷம் தொங்கியது. நாற்பது பக்க நோட்டின் கடைசிக் குறிப்பு கல்யாணத்தன்று அவன் எழுதியது.

"காலை 9.10. இரு தரப்பும் ஒரே மேடையில். துப்பாக்கிச் சத்தம் இல்லை. அழுகைச் சத்தம் இரு பக்கமும் உண்டு. தொடங்கியவர் யார் என்று தெரியவில்லை."